நீர் சரியாகப் போகவில்லையா? வேலூர் – சித்தூர் பக்கத்து ஆண்களுக்கு ஒரு கைக்குறிப்பு

ஐம்பது வயதைத் தாண்டியவர் ‘ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன்’ என்றாலே புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) என்று முடிவு கட்டிவிடுகிறோம். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, வி.கோட்டா, பலமனேர் பக்கம் எந்த ஊரிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் சாப்பிடும் மாத்திரையின் பேரைச் சொல்லி மெடிக்கலில் ஓர் அட்டை வாங்குவார்கள். ஆறு மாதம் கழித்தும் நாலு தடவைதான் எழுந்திருப்பார்கள். காரணம் எளிது. இரவில் நீர் அதிகம் போவதற்கு புராஸ்டேட் மட்டும் காரணமில்லை. சர்க்கரை, கால் வீக்கம், மாலையில் சாப்பிடும் பி.பி. மாத்திரை, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் அடிமுனையில் நிற்கும் கல், கிருமித்தொற்று என எதுவும் இருக்கலாம். எது என்று தெரிய முதலில் அளக்க வேண்டும். அந்த அளவை வீட்டிலேயே எடுக்கலாம்.

மூன்று நாள் நீர்க்கணக்கு

மில்லி கோடு போட்ட 500 மில்லி பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். மூன்று நாள் ஒவ்வொரு தடவை நீர் போகும்போதும் அதில் பிடித்து, நேரத்தையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடக்க முடியாமல் ஓடினீர்களா, வேட்டியில் கசிந்ததா என்பதற்கு ஒரு குறி போதும். குடிப்பதையும் எழுத வேண்டும். வீட்டுச் சொம்பும் டீ கிளாஸும் எத்தனை மில்லி பிடிக்கும் என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் பிறகு ‘ஒரு சொம்பு’ என்று எழுதினாலே போதும். மூன்று நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றாவது வேலை நாளாக இருக்கட்டும். சூளையிலோ தறியிலோ இருக்கும் நாளும் வீட்டில் படுத்திருக்கும் நாளும் ஒன்றல்ல.

கணக்கில் எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் போகும் முதல் நீரை இரவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது தூக்கத்தில் ஊறியது. அதைப் பகலில் போட்டால் முடிவே மாறிவிடும்.

24 மணி நேரத்தில் மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால், சர்க்கரையைப் பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் குடிப்பதே அதிகம். மொத்த அளவு சரியாக இருந்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போகிறதென்றால், சிறுநீரகம் இரவில் அதிகமாக நீர் சுரக்கிறது என்று அர்த்தம். இதற்குப் புராஸ்டேட் மாத்திரை பெரிதாக எடுபடாது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் ஏறி, சிறுநீராக வெளியேறுகிறது. அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கால் வீங்குவது சகஜம். நீர் பிரியும் மாத்திரையை எந்த நேரத்தில் சாப்பிடுகிறீர்கள் என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்; நேரத்தை மாற்றினாலே பலருக்கு இரண்டு தடவை குறையும். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்பவர்களுக்கும் இரவில் நீர் கூடும்.

மூன்றாவது வகை, மொத்தமும் சரி, இரவுப் பங்கும் சரி, ஆனால் ஒவ்வொரு தடவையும் 80, 100 மில்லிதான் வருகிறது. சிறுநீர்ப்பைக்குள் எரிச்சல் இருக்கிறது, அல்லது முழுதாகக் காலியாகவில்லை. புராஸ்டேட் பேச்சு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

நோட்டோடு சேர்த்து இந்த ஏழு கேள்விகளுக்கும் பதில் எழுதி வையுங்கள். உலகம் முழுக்க சிறுநீரியல் டாக்டர்கள் கேட்பது இதைத்தான். போன ஒரு மாதத்தில்: முழுதாகப் போகாத உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவது, விட்டு விட்டு வருவது, அடக்க முடியாமை, தாரை பலவீனம், முக்கிப் போவது, இரவில் எழுவது. இல்லவே இல்லை என்றால் 0, ஏறக்குறைய எப்போதும் என்றால் 5. எழுவதற்கு மட்டும் எத்தனை தடவையோ அத்தனை மதிப்பெண், உச்சம் 5. கூட்டினால் 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமை. லேசானவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரையே தேவையில்லை. படுக்கப்போகும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் தண்ணீரையும் டீயையும் நிறுத்துவது, போய்வந்த இரண்டு நிமிடத்தில் மறுபடி ஒருமுறை போய்ப் பார்ப்பது, மலச்சிக்கலைச் சரிசெய்வது போதும். மதிப்பெண்ணை எழுதி வைத்தால் மாத்திரை வேலை செய்கிறதா என்பதும் மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியும்.

டெஸ்ட்டுகள் பொய் சொல்லும் இடங்கள்

சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் மூன்றும் அடிப்படை. ஆசனவாய் வழியாக விரல் வைத்துப் பார்ப்பதைப் பலர் கூச்சப்பட்டு மறுக்கிறார்கள். அரை நிமிட வேலை அது. கல் மாதிரி கெட்டியான முடிச்சு இருக்கிறதா என்பது விரலுக்குத் தெரியும், சில நேரம் ஸ்கேனில் தெரியாது.

ஸ்கேனில் அதிகம் ஏமாற்றுவது, நீர் போன பிறகு பையில் மிச்சம் நிற்கும் அளவு. ‘நாலு பாட்டில் தண்ணி குடிச்சிட்டு உட்காருங்க’ என்பார்கள். வரிசை இரண்டு மணி நேரம் நகராது. பை வெடிக்கும் நிலையில் உள்ளே போவீர்கள். அளவுக்கு மீறி நிரம்பிய பை சுருங்கத் திணறும். நல்ல ஆரோக்கியமான ஆளுக்கும் அன்றைக்கு 150 மில்லி மிச்சம் நிற்கலாம். முறை இதுதான்: சாதாரணமாக ‘போக வேண்டும்’ என்று தோன்றும்போது ஸ்கேன், உடனே அவசரமில்லாமல் போய்வருதல், பத்து நிமிடத்துக்குள் மறுபடி ஸ்கேன். மிச்சம் 50 மில்லிக்குக் கீழே என்றால் நல்லது. 200, 300 என்று வந்தால், இன்னொரு நாள் மறுபடி எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள். ஒரே ஓர் அளவை வைத்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்காதீர்கள்.

தாரையின் வேகம் பார்க்கும் யூரோப்ளோ டெஸ்ட்டிலும் இதே விதி. குறைந்தது 150 மில்லி போனால்தான் மெஷின் வரையும் கோட்டுக்கு மதிப்பு. உச்ச வேகம் வினாடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் பெரும்பாலும் அடைப்பு இல்லை. 10க்குக் கீழே என்றால் அடைப்பாகவோ பையின் பலவீனமாகவோ இருக்கலாம். முப்பது வயதுக்காரருக்கு வேகம் 6, 7 என்று வந்தால் அது பெரும்பாலும் புராஸ்டேட் இல்லை. சிறுநீர் வெளியே வரும் குழாயில் சுருக்கம் இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். முன்பு நீர் வடிக்க ட்யூப் போட்டிருந்தால், பைக் டேங்கில் மோதி கவட்டையில் அடிபட்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

புராஸ்டேட் சுரக்கும் புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. டெஸ்ட்டில் 4 என்ற கோட்டைத் தாண்டினாலே புற்றுநோய் என்று நினைத்துத் தூக்கம் கெடுகிறவர்கள் உண்டு. நீரில் கிருமி இருந்தாலோ, ட்யூப் போட்டிருந்தாலோ, திடீர் அடைப்பு வந்திருந்தாலோ பி.எஸ்.ஏ. பல மடங்கு ஏறும். அது தணிய ஆறு வாரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். விந்து வெளியேறி இரண்டு நாளாவது ஆகியிருக்கட்டும். நேர்மாறாக, புராஸ்டேட்டைச் சுருக்கும் பினாஸ்டரைடு அல்லது டூட்டாஸ்டரைடு ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. பாதியாகும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் அதை 6 ஆகத்தான் படிக்க வேண்டும். லேபுக்கு இது தெரியாது, நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாத்திரை

டாம்சுலோசின் 0.4 மி.கி. சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையைத் தளர்த்தும். பலன் சில நாளிலேயே தெரியும். தினமும் ஒரே வேளை உணவுக்குப் பிறகு. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் தலைசுற்றும். முதல் வாரம் இரவில் படுக்கையிலிருந்து சட்டென எழாமல், ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். கழிவறைப் படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறியும் ஆபத்து இந்த வாரத்தில் அதிகம். விந்து குறைவதும் அறவே வராமல் போவதும் உண்டு. இதே வகை மாத்திரையான சைலோடோசினில் இது இன்னும் அதிகம், ஆனால் ஆபத்தில்லை. கண்புரை ஆபரேஷன் செய்யப்போகிறவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டிருந்தாலும்கூட, கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கருவிழித் திரை துவண்டு ஆபரேஷன் சிக்கலாகும். இலவசக் கண் முகாமில் இதை யாரும் கேட்காமல் போகலாம்.

டூட்டாஸ்டரைடு 0.5, பினாஸ்டரைடு 5 மி.கி. ஆகியவை சுரப்பியையே சுருக்கும். ஆறு மாதம் பொறுக்க வேண்டும். புராஸ்டேட் 30, 40 கிராமுக்கு மேல் இருப்பவர்களுக்குத்தான் பலன்; 25 கிராம் புராஸ்டேட்டுக்கு இதை எழுதினால் ஏன் என்று கேளுங்கள். ஆசை குறையலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

எல்லா நிவாரணத்தையும் ஓர் இரவில் கெடுப்பது சளி மாத்திரை. குளோர்பெனிரமைன், பினைல்எப்ரின் கலந்த எந்தச் சளி மாத்திரையும் பையின் கழுத்தை இறுக்கி, பையைத் தளர்த்திவிடும். தூக்கம் வரட்டும் என்று இதைப் போட்டு ராத்திரி பஸ் ஏறி, நீரையும் அடக்கிக்கொண்டு வந்தால், காலையில் இறங்கும்போது சொட்டுக்கூட வராது.

முழு அடைப்பு

போக வேண்டும் என்று துடிக்கிறது, வரவில்லை, அடிவயிறு உருண்டு நிற்கிறது. வெந்நீரில் இடுப்பு வரை உட்கார்ந்து பார்க்கலாம். அதற்கு மேல் வைத்தியம் வேண்டாம். முக்கியமாகத் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். ட்யூப் போட வேலூர் வரை ஓட வேண்டியதில்லை. குடியாத்தம் அரசு மருத்துவமனையானாலும் சித்தூர் மாவட்ட மருத்துவமனையானாலும் ராத்திரியிலேயே போடுவார்கள். சாதாரணமாக 14 அல்லது 16 அளவு ட்யூப், உள்ளே பலூனில் 10 மில்லி தண்ணீர். போட்டதும் எவ்வளவு நீர் வந்தது என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பின்னால் பார்க்கும் டாக்டருக்கு அதைவிடப் பெரிய தகவல் இல்லை. வலியோடு 600 மில்லி வந்தால் அது திடீர் அடைப்பு. வலியே இல்லாமல் ஒன்றரை லிட்டர் வந்தால் அது பல மாதமாகத் தேங்கியது, சிறுநீரகம் வரை கெட்டிருக்கலாம். வயதானவர் படுக்கையை நனைப்பதை ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுகிறோமே, அதில் கணிசம் இந்த வழிந்தோடும் நீர்தான். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

ட்யூபோடு வீட்டுக்கு வந்தால்: ட்யூபில் மாட்டிய பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். முக்கால் நிறையும் முன் காலி செய்ய வேண்டும். நுனியைத் தினம் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், டெட்டால் வேண்டாம். கழுவ முன்தோலைப் பின்னால் தள்ளினால், திரும்ப முன்னால் இழுத்து மூடாமல் விடவே கூடாது. அரை நாளில் இறுகி வீங்கிக் கறுக்கத் தொடங்கும். ஆஸ்பத்திரியில் ட்யூப் போட்டவர்களே இதை மறப்பதுண்டு. பையில் நீர் வராமல் வயிறு வலித்தால் முதலில் ட்யூப் எங்காவது மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ரப்பர் ட்யூபை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும், சிலிக்கான் பன்னிரண்டு வாரம் வரை தாங்கும். எடுத்துப் பார்க்கும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே டாம்சுலோசின் தொடங்கியிருக்க வேண்டும். எடுப்பது காலையிலேயே இருக்கட்டும். மாலையில் எடுத்தால் நடுராத்திரி மறுபடி ஆட்டோ தேட வேண்டும்.

மாத்திரையில் அடங்காமல் மறுபடி மறுபடி அடைப்பு, சிறுநீர்ப்பையில் கல், கிரியாட்டினின் ஏற்றம், நிற்காத ரத்தம் என்றால் ஆபரேஷன்தான். முதுகில் ஊசி போட்டு, சிறுநீர் வரும் குழாய் வழியாகவே புராஸ்டேட்டைச் சுரண்டி எடுப்பார்கள். வெளியே தையல் இருக்காது. ரொம்பப் பெரிய புராஸ்டேட்டுக்கு லேசர் வசதி உள்ள இடம் நல்லது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரின் கையெழுத்தோடு வாருங்கள். ஆபரேஷன் முடிந்து பத்து, பதினான்கு நாளில் உள்ளே பொருக்கு உதிர்ந்து நீர் சிவப்பாக வரும், பயப்பட வேண்டாம், தண்ணீரைக் கூட்டுங்கள். கட்டி கட்டியாக வந்து அடைத்தால் உடனே திரும்புங்கள். ஆறு வாரம் மூட்டை தூக்குவதும் சைக்கிளும் வேண்டாம். சுரண்டிய சதையின் பயாப்ஸி ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்குங்கள், பலர் வாங்குவதே இல்லை. சுரப்பியின் வெளி ஓடு உள்ளேயேதான் இருக்கிறது, அதில் பின்னால் புற்று வரலாம். பி.எஸ்.ஏ. பார்ப்பதை விட்டுவிட முடியாது.

கல்

விலாவுக்குக் கீழே தொடங்கி, முன்பக்கமாக இறங்கி, விரை வரை பாயும் வலி. புரண்டு புரண்டு படுத்தாலும் அடங்காது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு டைக்ளோபினாக் ஊசி கைகொடுக்கும். வலிக்கும் நேரத்தில் மூன்று லிட்டர் தண்ணீரைக் கட்டாயமாகக் குடிப்பது தவறு. அடைபட்ட பக்கம் இன்னும் வீங்கி வலி கூடும்.

5 மி.மீ.க்குள் இருக்கும் கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். 10 மி.மீ.க்கு மேல் காத்திருப்பதில் அர்த்தமில்லை. வயிற்று ஸ்கேன் சிறுநீரகக் கல்லைக் காட்டும். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயின் நடுவில் நிற்கும் கல்லைப் பல நேரம் தவறவிடும். அதற்கு மருந்து ஏற்றாத சி.டி. வேண்டும். நீரை வெள்ளைத் துணியிலோ டீ வடிகட்டியிலோ வடித்துப் போங்கள். விழுந்த கல்லை டப்பாவில் வைத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். யூரிக் அமிலக் கல் என்று தெரிந்தால் அடுத்தது மருந்திலேயே கரையும்.

வலி நின்றால் கல் போய்விட்டது என்று நினைப்பதுதான் இந்தப் பக்கத்தில் சிறுநீரகங்களைத் தின்னும் எண்ணம். முழுக்க அடைபட்ட சிறுநீரகம் சில நாளில் வலியை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் சுருங்கத் தொடங்கும். கல் விழுந்ததைக் கண்ணால் பார்க்கவில்லையென்றால் நாலு வாரத்துக்குள் மறு ஸ்கேன் கட்டாயம். வாழைத்தண்டைத் தாராளமாகச் சாப்பிடலாம், மறு ஸ்கேனுக்கு அது மாற்று அல்ல. கல் போகட்டும் என்று பீர் குடிப்பது தவறு, யூரிக் அமிலத்தை ஏற்றும்.

கல் வலியோடு குளிர்க் காய்ச்சல் வந்தால் விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அடைப்புக்குப் பின்னால் சீழ் கட்டுகிறது. மருந்து மட்டும் போதாது, உள்ளே ஸ்டென்ட்டோ (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை வைக்கும் மெல்லிய குழாய்) முதுகு வழியாக ட்யூபோ வைத்து நீரை வடிக்க வேண்டும். அந்த டி.ஜே. ஸ்டென்ட் வைத்த தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் வீட்டுக் காலண்டரில் எழுதுங்கள். பெரும்பாலும் சில வாரம், அதிகபட்சம் மூன்று மாதம். மறந்து ஒரு வருடம் விட்டால் ஸ்டென்ட்டின் மேலேயே கல் படிந்து, அதை எடுக்க இரண்டு மூன்று ஆபரேஷன் ஆகும்.

திரும்ப வராமல் இருக்க, குடிக்கும் அளவைவிடப் போகும் அளவைப் பாருங்கள்: நாளைக்கு இரண்டரை லிட்டர் நீர் போக வேண்டும். கத்திரி வெயிலில் செங்கல் சூளை, கல் குவாரி, லாரி கேபின் என்றால் அதற்கு நாலு லிட்டருக்கு மேல் குடிக்க நேரும். உப்பைக் குறையுங்கள், ஆவக்காயும் கருவாடும் அப்பளமும் ஒரே இலையில் வேண்டாம். எலுமிச்சைச் சாறு கல்லைத் தடுக்கும், ஆனால் இங்கே அதில் ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுக் குடிப்பதால் பாதி நன்மை போய்விடுகிறது. பால், தயிர், மோரை நிறுத்தாதீர்கள். உணவில் கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் அதிகமாக உறிஞ்சப்பட்டுக் கல் கூடும்.

கிருமியும் ரத்தமும்

ஆண்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வந்தால் பின்னால் ஏதோ அடைப்போ கல்லோ சர்க்கரையோ இருக்கிறது. ஆன்டிபயாடிக் முதல் வேளை போடும் முன் எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட்டுக்குக் கொடுங்கள்: முன்தோலைத் தள்ளிக் கழுவி, முதல் பாகத்தைக் கழிவறையில் விட்டு, நடுப்பாகத்தை மூடித் தந்த பாட்டிலில் பிடியுங்கள். வீட்டில் பிடித்து வெயிலில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் எடுத்துப் போனால் கிருமி பெருகி, ரிப்போர்ட் வீணாகும். லேபிலேயே பிடிப்பது உத்தமம். எரிச்சலோடு குளிர்க் காய்ச்சலும் ஆசனவாய்ப் பக்க வலியும் இருந்தால் புராஸ்டேட்டில் தொற்று. இரண்டு முதல் நான்கு வாரம் மருந்து வேண்டும். மூன்றாம் நாள் சரியானதும் நிறுத்தினால் திரும்பும்.

வலியே இல்லாமல் நீரில் ரத்தம் வந்தால் ஒரே தடவை வந்து நின்றாலும் விடக் கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்கள், தோல் பதனிடும் இடத்திலும் சாயப் பட்டறையிலும் வேலை பார்த்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இவை முக்கிய வழிகள். ஸ்கேன் ‘நார்மல்’ என்றாலும் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தாக வேண்டும். டி.பி. மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நீர் ஆரஞ்சாகப் போவது மட்டும் ரத்தமல்ல.

பையனுக்கு ராத்திரியில் திடீரென ஒரு பக்க விரை வலித்து வாந்தி வந்தால் விரை முறுக்கியிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்துவிட வேண்டும். ஸ்கேன் சென்டர் திறக்கட்டும் என்று காத்திருந்தால் விரை போய்விடும்.

எல்லை தாண்டும்போது

காப்பீட்டு அட்டை ரேஷன் கார்டு உள்ள மாநிலத்தோடு ஒட்டியது. தமிழ்நாட்டுக் கார்டுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆந்திரக் கார்டுக்கு, முன்பு ஆரோக்கியஸ்ரீ என்றிருந்து இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவை. நகரியிலோ பலமனேரிலோ குடியிருந்து வேலூர் சி.எம்.சி.க்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கோ போகிறவர்கள், உங்கள் கார்டு இந்த ஆபரேஷனுக்கு அங்கே செல்லுமா என்று காப்பீட்டுக் கவுன்டரில் சேருமுன் கேளுங்கள். ஒப்புதல் ஆபரேஷனுக்கு முன் வாங்குவது. ஆதாரில் தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயர், ஆஸ்பத்திரிச் சீட்டில் தமிழ் இனிஷியல் என்று இருந்தால் விண்ணப்பம் நிற்கும், முதல் சீட்டிலேயே ஆதாரில் உள்ளபடி பெயரைப் போடச் சொல்லுங்கள். அடைப்பு, காய்ச்சலோடு கல், விரை முறுக்கம் ஆகிய மூன்றுக்கும் அட்டையைத் தேடி நேரம் போக்காமல் 108க்கு அடியுங்கள். இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.